செவில் – கிரனாடா: மூன்று அலைன்மென்ட்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க சார், எனக்கு வேண்டாம். ரயில்ல ஜன்னல் பக்கம் உட்கார்ந்தா எனக்கு வேடிக்கை பார்க்க வராது. பக்கத்துல ஓடற ரோட்டைத்தான் பார்ப்பேன். எங்க பேட்ச் போட்டிருக்கான், எங்க ஓரம் கரைஞ்சிருக்கு, அதுதான் கண்ணுல படும். முப்பத்துநாலு வருஷம் ஸ்டேட் ஹைவேஸ் சார். ஏ.டி.இ.யா, அதான் உதவிக் கோட்டப் பொறியாளரா ரிடையர் ஆனேன், புதுக்கோட்டைல. பேரு வைரவநாதன். நீங்க எந்த டிபார்ட்மெண்ட்? பிரைவேட்டா? சரி, பரவாயில்லை.

சென்னைக்கு எதுக்குன்னு கேட்டீங்க இல்ல? விசா. ஸ்பெயின் நாட்டுக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ரெண்டாவது தடவை சார். முதல் தடவை என்னைத் தள்ளிட்டாங்க. என்னை! வீட்டுல மட்டும் குடுத்துட்டாங்க. அவ இப்ப அங்கதான் இருக்கா. நான் இங்க உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். நியாயமான்னு நீங்களே சொல்லுங்க. செங்கல்பட்டு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடறேன்.

வீட்டுலன்னா என் மனைவி, செண்பகவல்லி. கேர்ள்ஸ் ஹை ஸ்கூல்ல ஹிஸ்டரி டீச்சரா இருந்தவ, இருபத்தெட்டு வருஷம். ஸ்பெயின்ல கிரனாடான்னு ஒரு ஊரு. அங்க மலை மேல ஒரு பழைய அரண்மனை, அல்ஹாம்பிரான்னு பேரு, சுல்தான்கள் கட்டினது. இவ நடத்தின பாடப் புஸ்தகத்துல அதோட படம் தபால்தலை சைஸ்ல இருந்துச்சாம், ஒரே மை. "வருஷா வருஷம் பிள்ளைங்க, டீச்சர் இது என்னன்னு கேட்கும். ரொம்ப அழகான இடம்மான்னு சொல்லுவேன். நான் எங்க பார்த்தேன்? பொய் சொல்ற மாதிரி இருக்கும்ங்க. ஒரு தடவை போய், ஒரு நாள் முழுக்க அங்க சும்மா உட்கார்ந்துட்டு வந்துடணும்." இதுதான் சார் அவ ஆசை. கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்துல அவளா வாய் விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். அதனாலதான் நான் இதைக் கையில எடுத்தேன். எல்லாம் அவளுக்காகத்தான். அதை மனசுல வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

எங்க பொண்ணு மதுரவாணிக்கு மூணு வருஷம் முன்னாடி அதே ஸ்பெயின்ல வேலை கிடைச்சது. செவில்னு ஒரு ஊரு, அதுவும் பழைய ஊருதான். போன் பண்ணினா. "அம்மாவைக் கூட்டிட்டு வாங்கப்பா. இங்கேருந்து கிரனாடாவுக்கு பஸ் இருக்கு, மூணு மணி நேரம். காலைல ஏறினா மத்தியானம் போயிடலாம்."

பஸ்ஸாம்! ரோடு போட்டவனைப் பார்த்து பஸ்ல ஏறுங்கறா. நான் சொன்னேன், "வாணி, உங்கம்மா முதல் தடவையா வெளிநாடு வர்றா. கார்ல, நல்ல இயற்கைக் காட்சியெல்லாம் பார்த்துக்கிட்டு, ரெண்டு மூணு நாள் தங்கித் தங்கிப் போகணும். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். பிளான் நான் போடறேன்." இவ பக்கத்துல நின்னுக்கிட்டு, "பஸ்ஸே போதுமே"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்.

பிளான்னா எப்படிப்பட்ட பிளான்! எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு ஊருலேருந்து இன்னொரு ஊருக்கு ரோடு போடறதுன்னா, எந்த வழியா போகணும்னு மேப்புல கோடு இழுப்போம். அலைன்மென்ட்னு பேரு. எப்பவும் மூணு இழுக்கணும். ஒண்ணு மட்டும் இழுத்து அனுப்பினா ஃபைல் திரும்பி வந்துடும், "மாற்று வழி ஆராயப்பட்டதா?"ன்னு கேட்டு. அந்தப் பழக்கத்துல இதுக்கும் மூணு போட்டேன். ஒண்ணு நேர் வழி, பெரிய ஹைவே, ரெண்டு பக்கமும் ஆலிவ் தோட்டம். ரெண்டாவது தெற்கால இறங்கி ரோண்டாங்கற மலை ஊரு வழியா, வெள்ளை வெள்ளையா கிராமங்கள். மூணாவது வடக்கால ஏறி கோர்டோபா வழியா. மூணுக்கும் கிலோமீட்டர் வாரியா சார்ட் போட்டேன். எங்க கர்வ், எங்க ஏத்தம், எங்க பாத்ரூம்.

எங்க நிக்கணும்னுகூட எழுதினேன். "ரோண்டா பாலம், பார்வையிடல், இருபது நிமிடம். வெள்ளைக் கிராமம் எண் நான்கு, பார்வையிடல், பத்து நிமிடம், தேநீர் உட்பட." அல்ஹாம்பிராவுக்கு ரெண்டு மணி நாற்பது நிமிஷம் ஒதுக்கினேன். கலெக்டர் இன்ஸ்பெக்‌ஷனுக்கே நான் அவ்வளவு ஒதுக்கினதில்ல.

ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு ரிவ்யூ மீட்டிங். டைனிங் டேபிள்ல. நான் சேர்மன், வீட்டுல மெம்பர், பொண்ணு வீடியோவுல. பொண்ணுக்கு அங்க விடிகாலை சார், பாதி நாள் தலகாணியிலதான் முகம் இருக்கும். வருகைன்னு போட்டுடுவேன். மினிட்ஸ் எழுதி வெச்சிருக்கேன், மொத்தம் அறுபத்தோரு மீட்டிங். இவ அப்பப்ப கேட்பா, "அந்த அரண்மனையில ஒரு நாள் முழுக்க உட்காரலாம்னு சொன்னேனே." நானும் விடாம எழுதிக்குவேன், "உறுப்பினரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது"ன்னு. ஒரு தடவைகூட விட்டதில்ல. வேணும்னா எடுத்துக் காட்டறேன்.

ஒரு மீட்டிங்ல இவ சார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இதுல நான் எங்கங்க இருக்கேன்?"னு கேட்டா. நான் உடனே பதில் சொன்னேன் சார். "பின் சீட்டு, இடது பக்கம். கிழக்கால போறோம், வெயில் வலது பக்கம்தான் விழும். உன் மேல படாது." அதுவரைக்கும் கணக்குப் போட்டு வெச்சிருந்தேன். அவ எழுந்து போய் குக்கரை இறக்கினா. திருப்தின்னு எழுதிக்கிட்டேன்.

டீ வேணுமா சார்? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். இந்த டீயைக் குடிக்கறதுக்கு சும்மா இருக்கலாம்.

சரி, வழி முடிவாச்சு. கிளம்பற நாள் வேணுமில்ல? அங்கதான் சார் சிக்கல். செவில்லேருந்து கிரனாடா நேர் கிழக்கு. திங்களும் சனியும் கிழக்கே சூலம், ஆகாது. செவ்வாய், புதன் வடக்கே சூலம், கோர்டோபா போச்சு. வியாழன் தெற்கே சூலம், ரோண்டா போச்சு. மூணு வழிக்கும் சுத்தமான நாள் வெள்ளியும் ஞாயிறும்தான். வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னிரண்டு ராகு காலம். ஆனா அது நம்ம ஊர்ல. அங்க எந்த மணி? கீழ ராஜ வீதியில எங்க ஜோசியர் இருக்கார், அவரைப் போய்க் கேட்டேன். "சூரிய உதயத்தை வெச்சுத்தான் கணக்கு. அந்த ஊருல உதயம் எப்போ, அஸ்தமனம் எப்போ?"ன்னார். மே மாசம் அங்க ஏழேகாலுக்கு உதயம், ராத்திரி ஒம்பதேகாலுக்கு அஸ்தமனம். அந்தப் பகலை எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு ஒண்ணேமுக்கால் மணி நேரம். ஆக வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டரைலேருந்து ரெண்டேகால். ஸ்பெயின்காரனுக்கே தெரியாது சார் இது. அவன் பாட்டுக்கு அந்த நேரத்துல கார் எடுத்துக்கிட்டுப் போறான்.

திங்கள்கிழமை கிழக்கே போயே ஆகணும்னா பரிகாரம் உண்டு, கொஞ்சம் தயிர் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம். அங்க தயிர் கிடைக்குமான்னு பொண்ணைக் கேட்டேன். "ஸ்ட்ராபெர்ரி போட்டது கிடைக்கும்ப்பா"ன்னா. ஸ்ட்ராபெர்ரி தயிர் செல்லுமான்னு ஜோசியரைக் கேட்டேன். அவர் ஒரு வாரம் டைம் வேணும்னார். பொறுப்பான மனுஷன், சும்மா வாயில வந்ததைச் சொல்ல மாட்டார்.

இப்படி நாள் பார்த்து, அஷ்டமி நவமி கழிச்சு, பொண்ணு லீவு பார்த்து, நடுவுல எனக்குக் கண் ஆபரேஷன் வந்து, ரெண்டரை வருஷம் ஓடிடுச்சு. ஒரு ரோட்டுக்கு ரெண்டரை வருஷம்னா அது ஃபாஸ்ட் சார். எங்க டிபார்ட்மெண்ட்ல கேட்டுப் பாருங்க.

ஒண்ணு விட்டுட்டேன். முதல் வருஷமே ஒரு மீட்டிங்ல இவ ஒரு கேள்வி கேட்டா. "காரை யாருங்க ஓட்டறது?"

சார், உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எதுக்குத் தெரியணும்? வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து டிபார்ட்மெண்ட் ஜீப்பு, சேவுகன்னு டிரைவர். முன் சீட்டுல உட்கார்ந்தா "நிறுத்து", "எடு", ரெண்டு வார்த்தைதான் வேலை. நான் போட்ட ரோடு எல்லாத்துலயும் சேவுகன்தான் வண்டி ஓட்டியிருக்கான். அதனால நான் சாதாரணமா சொன்னேன், "அங்க ஒரு டிரைவரைப் போட்டுக்கிட்டாப் போச்சு."

வீடியோவுல பொண்ணு கண்ணைத் திறந்துட்டா. "அப்பா, இங்க அப்படியெல்லாம் கிடையாது. வாடகைக்கு எடுத்தா நாமதான் ஓட்டணும். எனக்கு நம்ம ஊரு லைசென்ஸ்தான் இருக்கு, இங்கயே குடியிருக்கறவங்களுக்கு அது ஆறு மாசத்துக்கு மேல செல்லாது. வந்துட்டுப் போறவங்கன்னா ஓட்டலாம்."

"டிரைவர் விவகாரம், நிலுவை"ன்னு எழுதிட்டு அடுத்த பொருளுக்குப் போயிட்டேன். பெரிய திட்டத்துல சின்ன விஷயத்துக்கெல்லாம் நின்னா வேலை நடக்காது.

அடுத்த திங்கக்கிழமை காலைல இவ கிளம்பினா. "எங்க?"ன்னேன். "கார் கத்துக்கறேங்க"ன்னா. நான் சார்ட்டுல ஒரு கர்வ்ல இருந்தேன், சரின்னுட்டேன். பத்து நாள் கழிச்சு பெரிய மார்க்கெட் பக்கம் நடந்து போறேன், எதிர்ல எல் போர்டு போட்ட கார் ஒண்ணு ஆமை மாதிரி வருது. உள்ள யாருடான்னு பார்த்தா நம்ம வீட்டுல! வயசு அறுபத்தொண்ணு. எதிர்க்க ஆட்டோக்காரன் கத்தறான், இவ ஹாரன்கூட அடிக்காம அவனுக்கு வழி விட்டுட்டுச் சிரிக்கறா. நான் கண்டுக்காம டீக்கடைப் பக்கம் திரும்பி நின்னுட்டேன். நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க? லைசென்ஸ் வாங்கினா. வெளிநாட்டுல ஓட்டறதுக்கு ஒரு பர்மிட் இருக்கு, அதையும் வாங்கினா. பொழுது போகணுமில்ல பாவம், ரிடையர் ஆனவ. நான் தடுக்கல.

விசா கதைக்கு வர்றேன். இவ ஃபாரத்தைப் பொண்ணு கம்ப்யூட்டர்லயே பூர்த்தி பண்ணிட்டா. எதுக்குப் போறீங்க, மகளைப் பார்க்க, ஊர் சுத்த. எங்க தங்கறீங்க, மகள் வீட்டுல. ஒரே பக்கம். எனக்கும் அப்படியே பண்றேன்னா. நான் விடுவேனா? என்னுது நானே தயார் பண்ணினேன். நூத்திப் பன்னிரண்டு பக்கம், ஸ்பைரல் பைண்டிங். மூணு அலைன்மென்ட், மூணுக்கும் மேப்பு, மூணுக்கும் ஓட்டல் புக்கிங்.

விசா ஆபீஸ் கவுண்டர்ல ஒரு பொண்ணு, நல்ல மாதிரிப் பேசினா. "சார், ஒரு பிளான் போதும் சார். மூணையும் வெச்சா குழப்பம் ஆகும்." நான் சிரிச்சேன். "ஏம்மா, ஒண்ணு மட்டும் வெச்சா மேலதிகாரி என்ன கேட்பார்? மாற்று வழி ஆராயப்பட்டதான்னு கேட்பார். நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது. அப்படியே அனுப்பும்மா." அவ என்னைப் பார்த்தா, பக்கத்துல நின்ன இவளைப் பார்த்தா. இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. கூட்டத்துல நான் ஜெயிச்சதுல அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்.

மூணு வாரத்துல ரெண்டு கவர் வந்துச்சு. அவ பாஸ்போர்ட்ல விசா ஒட்டியிருந்தது. என்னுதுல ஒரு அச்சடிச்ச தாள், நிறைய கட்டம், ஒரு கட்டத்துல டிக். படிச்சுப் பார்த்தா, "பயண நோக்கம் பற்றியும் தங்கும் விதம் பற்றியும் அளிக்கப்பட்ட தகவல் நம்பத்தகுந்ததாக இல்லை." என்னான்னா சார், மே மாசம் ஒரே வெள்ளிக்கிழமை நான் மூணு ஊர்ல படுத்துத் தூங்கறதா புக்கிங் இருந்துச்சாம். ஆமா, இருந்துச்சு! மூணு மாற்று வழின்னா மூணு புக்கிங் இருக்கத்தானே செய்யும்? இது ஒரு அதிகாரிக்குப் புரியலைன்னா நான் என்ன பண்ண? முப்பத்துநாலு வருஷத்துல என் ஃபைலை தாமதம்னு எழுதியிருக்கான், முழுமையா இல்லைன்னு எழுதியிருக்கான், நம்பத்தகுந்ததா இல்லைன்னு ஒருத்தன் எழுதினதில்ல. மேல்முறையீடு போட்டேன். நாலாவதா ஒரு அலைன்மென்ட்டும் சேர்த்து அனுப்பினேன். அதையும் தள்ளிட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் இவ பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு எதிர்ல வந்து நின்னா. "நான் மட்டும் போயிட்டு வரட்டுமாங்க?"

நான் பேப்பர்லேருந்து தலையைத் தூக்காம, "உன் இஷ்டம்"னேன்.

சார், எங்க வீட்டுல உன் இஷ்டம்னா வேண்டாம்னு அர்த்தம். அது அவளுக்கு நல்லாத் தெரியும். தங்கச்சி வீட்டுல போய் பத்து நாள் இருக்கட்டுமான்னு கேட்டா, உன் இஷ்டம், போக மாட்டா. ஹெட்மிஸ்ட்ரஸ் பிரமோஷன் திருமயத்துக்கு வந்தப்ப ஏத்துக்கட்டுமான்னு கேட்டா, உன் இஷ்டம். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா. முப்பத்தெட்டு வருஷமா ஒரு தடவைகூட அதை அவ தப்பாப் புரிஞ்சுக்கிட்டதில்ல. அன்னிக்கு மட்டும், "சரிங்க"ன்னுட்டுப் போய் பரண்லேருந்து பெட்டியை இறக்கினா. வயசாயிட்டா இப்படித்தான் சார், சொல்றது சரியா மனசுல ஏறாது.

ஏர்போர்ட் வரைக்கும் போய் வழியனுப்பினேன். நூத்திப் பன்னிரண்டு பக்கத்தையும் அவ கைப்பையில நானே வெச்சேன். தனியாப் போறா, வழி தெரியாத ஊரு. வீட்டுக்கு வந்து பார்த்தா, பிளான் அரிசி டிரம் மேல இருக்கு. போன்ல கேட்டேன். "வெயிட் ஜாஸ்தியாச்சுங்க. பருப்புப் பொடியா பிளானான்னு பார்த்தேன், வாணிக்குப் பருப்புப் பொடி பிடிக்கும்"னா.

அதோட விட்டாளா? திங்கக்கிழமை கிளம்பிட்டா சார். திங்கக்கிழமை! கிழக்கே சூலம்! தயிரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கார் ஓட்டினது இவ, பக்கத்துல பொண்ணு. அங்கெல்லாம் வண்டி வலது பக்கம் போகணும், ஸ்டீயரிங் இடது பக்கம். பொண்ணு அவ இருக்கற இடத்தை என் போன்ல தெரியற மாதிரி பண்ணிக் குடுத்திருந்தா. ஒரு நீலப் புள்ளி. டேபிள்ல மேப்பை விரிச்சு வெச்சுக்கிட்டு நான் இங்க உட்கார்ந்திருக்கேன். புள்ளி ரோண்டா பக்கம் வந்துச்சு, சரி, ரெண்டாவது அலைன்மென்ட், பரவாயில்லைன்னு நினைச்சேன். திடீர்னு ஒரு சந்துல திரும்பிடுச்சு. நான் போட்ட மூணுலயும் அது இல்ல, நாலாவதுலயும் இல்ல. அங்கயே நின்னு போச்சு. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். போன் பண்ணினேன்.

"என்னாச்சு? வண்டி ரிப்பேரா?"

"இல்லங்க. வழி தப்பிடுச்சு."

"அப்ப திரும்பு! யூ டர்ன் அடி!"

"எதுக்கு? நல்லாருக்குங்க இங்க. ஒரு மரத்தடியில பெஞ்சு இருக்கு, உட்கார்ந்திருக்கேன்."

"என்ன பார்க்கற?"

"ஒண்ணும் பார்க்கல. சும்மா இருக்கேன்."

சார், அந்தக் குரல் எனக்கு அடையாளமே தெரியல. அவ குரல்தான், ஆனா அவசரமே இல்ல அதுல. பின்னாடி குக்கர் சத்தம் இல்ல, மிக்ஸி இல்ல. ரொம்பக் களைச்சுப் போயிட்டான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. பிளான் இல்லாமப் போனா இப்படித்தான் ஆகும்னு சொல்லிட்டு வெச்சேன். அந்த ஊர்ல ரெண்டு நாள் தங்கினாங்களாம். ஊர் பேரு கேட்டா இவளுக்குச் சொல்லத் தெரியல.

வழியில எடுத்த போட்டோ ஒண்ணு அனுப்பினா. நான் நுணுக்கமாப் பார்த்து உடனே பதில் போட்டேன். "கர்வ்ல வெளிப்பக்கம் நல்லா உயர்த்திப் போட்டிருக்கான். தடுப்பு வேலி பாரு, துரு இல்லை. ஓரத்துல தண்ணி போக வழி விட்டிருக்கான்." அரை மணி நேரம் கழிச்சு இவகிட்டேருந்து ஒரு வரி வந்துச்சு: "போட்டோவுல நானும் இருக்கேங்க." பெரிசு பண்ணிப் பார்த்தேன். ஆமா சார், இருந்தா. கார் மேல சாஞ்சு நின்னுக்கிட்டு, புடவைக்குக் கீழ ஷூ போட்டுக்கிட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கறா. எங்க கல்யாணப் போட்டோவுல வாயை மூடிக்கிட்டிருப்பா. இவளுக்கு இடது பக்கம் ஒரு பல்லு கொஞ்சம் ஏறி இருக்குங்கறதே எனக்கு மறந்து போயிருந்துச்சு.

கிரனாடாவுக்குப் போய்ச் சேர்ந்தா. அல்ஹாம்பிராவுக்குள்ள காலைல போனவ சாயங்காலம் மூடற வரைக்கும் வெளிய வரலையாம். பொண்ணு சொன்னா, "அம்மா ஒரு தண்ணித் தொட்டிப் பக்கத்துல உட்கார்ந்தாங்கப்பா, அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. ஒரு தடவை அழுதாங்க. அப்புறம் சப்பாத்தி சாப்பிட்டாங்க." ரெண்டு மணி நாற்பது நிமிஷம்தான் ஒதுக்கியிருந்தேன். ஒரு அரண்மனைக்கு அதுக்கு மேல என்ன சார் இருக்கும்?

பொண்ணு லீவு முடிஞ்சு பஸ்ல செவிலுக்குத் திரும்பிட்டா. இவ திரும்பல! அந்த ஊர்லயே ஒரு வயசான அம்மா வீட்டு மாடியில ரூம் எடுத்துக்கிட்டு இருக்கா, தன்னந்தனியா. பாஷை தெரியாது. காய்கறிக் கடைக்காரன்கிட்ட தமிழ்லயே பேசறாளாம், அவன் ஸ்பானிஷ்ல பேசறானாம், கத்திரிக்கா வந்துடுதாம்.

வயித்தெரிச்சலா இருந்துச்சு சார். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. கோவம் இல்ல, கோவம்னா எனக்குத் தெரியும். இது வேற. வீட்டுல இருக்கப் பிடிக்கல. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு டைனிங் டேபிள்ல போய் உட்கார்ந்தேன். மினிட்ஸ் நோட்டைத் திறந்து வருகைன்னு எழுதினேன். என் பேரை எழுதிட்டு நிறுத்திட்டேன். எழுத வேற பேரு இல்ல. அப்பதான் வந்துச்சு, அவளுக்கு நான் வேண்டாமோன்னு ஒரு பயம். இந்த அறுபத்தாறு வயசுல இப்படி ஒரு பயம் வரும்னு யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நானே போன் பண்ணினேன். "எப்ப வர்ற?"

அவ சொன்னா, "நீங்க வாங்களேன்."

"நான் எப்படி வர்றது? என்னைத்தான் நம்ப முடியாதுன்னு எழுதிட்டானே."

"மறுபடியும் எழுதிப் போடுங்க. மேப்பு வேண்டாம், சார்ட்டு வேண்டாம். எதுக்கு வர்றீங்களோ அதை மட்டும் எழுதுங்க."

"எதுக்கு வர்றேன்னு எழுதறது?"

"அதை என்னைக் கேட்டா?"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டா. அப்புறம் அவளே ஒரு மெசேஜ் அனுப்பினா. நான் வந்தா முன் சீட்டுல உட்காரலாமாம், ரோட்டைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதாம்.

நாலு நாள் உட்கார்ந்தேன் சார் அந்த ஒரு லெட்டருக்கு. முப்பத்துநாலு வருஷத்துல எத்தனை ஆயிரம் லெட்டர் எழுதியிருப்பேன்! முதல்ல, "பொருள்: சுற்றுலா விசா கோருதல், தொடர்பாக. பார்வை: தங்களது நிராகரிப்புக் கடிதம்"னு ஆரம்பிச்சேன். நாலு பக்கம் ஆச்சு. படிச்சுப் பார்த்தேன், எதுக்குப் போறேன்னு அதுல எங்கயும் இல்ல. கிழிச்சேன். ரெண்டாவது நாள் அந்த நாட்டோட ரோடுகளைப் பார்வையிடன்னு எழுதினேன். அதுவும் பொய்யின்னு தோணுச்சு. கிழிச்சேன். நேத்து மத்தியானம் சாதம் வெச்சேன், குழைஞ்சு போச்சு. தட்டுல போட்டுக்கிட்டு உட்கார்ந்தேன், எழுந்து போய் எழுதிட்டேன். சாப்பிடலை, எழுதிட்டேன்.

இதோ இருக்கு. நீங்க படிச்சுப் பாருங்களேன், பிரைவேட்டானாலும் படிச்சவரு. இங்கிலீஷ்ல பொண்ணு மாத்தித் தருவா, இது ஒரிஜினல்.

ரெண்டே வரிதான் சார். "என் மனைவி கிரனாடாவில் இருக்கிறார். அவர் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, போய்ப் பார்க்க வேண்டும்." அவ்வளவுதான். கீழ கையெழுத்து, தேதி. அதுக்கு மேல எழுத ஒண்ணும் வரல. பைக்குள்ள அந்த நூத்திப் பன்னிரண்டு பக்கமும் இருக்கு, கேட்டா குடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். வெளிய எடுக்க மாட்டேன்.

என்ன சார், கண்ணாடியைக் கழட்டிட்டீங்க? தூசியா?

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் சார். முப்பத்தெட்டு வருஷத்துல இதை நான் அவகிட்டயே சொன்னதில்ல. முகம் தெரியாத ஒரு அதிகாரிகிட்ட முதல் தடவையா எழுதிக் குடுக்கறேன். நம்புவாங்களா?